நாலாம் நம்பர் நோயாளி

பனியடி பிரதேச வைத்தியசாலையில் மின்சாரம் அடிக்கடி தடைப்படும். மின்தடைக்கான ஆயத்தம் மட்டும் ஒரு நாளும் தடைப்பட்டதில்லை. இந்த ஒரு விஷயத்தில் அந்த ஆஸ்பத்திரியைக் குறை சொல்ல எவராலும் முடியாது.

எங்கோ ஒரு குரங்கு மின்நிலையத்தில் ஏறி நாடு முழுவதையும் இருட்டாக்கிவிட்டது என்று பத்திரிகைகள் எழுதினவே, அதற்குப் பிறகு மேலிடத்திலிருந்து ஒரு சுற்றுநிருபம் வந்தது. எல்லா ஆஸ்பத்திரிகளும் இருட்டுக்குத் தயாராக வேண்டும் என்றது அது. பனியடியில் உடனே மின்தடைத் தயார்நிலைக் குழு அமைந்தது. தலைவர் பெரிய டொக்டர். ஆனால் மின்தடை பற்றிய பயிற்சிப் பட்டறை கொழும்பில் மாதம் தவறாமல் நடந்ததால் அவரை ஆஸ்பத்திரியில் பார்ப்பது அரிதாகிவிட்டது. பாரமெல்லாம் குழுவின் செயலாளர், நிர்வாக அலுவலர் ஜெயகாந்தன் தலையில் விழுந்தது.

ஜெயகாந்தன் கெட்ட மனிதர் இல்லை. எதைக் கொடுத்தாலும் பத்திரமாக வைத்துக்கொள்வார், அவ்வளவுதான். குழு வாங்கிய டோர்ச் லைட்டுகளை வாட்டுகளுக்குக் கொடுத்தால் காணாமல் போகும் என்று இரும்பு அலுமாரியில் பூட்டி வைத்தார். மெழுகுதிரி தீ அபாயம் என்பதால் அதற்குத் தடை போட்டார். நடைபாதையில் 'மின்தடையின்போது இவ்வழியே வெளியேறவும்' என்று மூன்று மொழிகளிலும் பச்சையாக எரியும் ஒரு பலகையை மாட்டினார். கரண்ட் போனால் ஆஸ்பத்திரியில் முதலில் அணைவது அதுதான்.

குரங்குகள் தொடர்பாக ஓர் உபகுழுவும் இருந்தது. மின்மாற்றிப் பக்கத்து மரத்தில் குரங்குகள் ஏறுகின்றனவா என்று ஆராய அது இரண்டு தடவை கூடியது. இரண்டாவது கூட்டத்துக்குக் குரங்குகளும் சன்னல் வழியாக வந்து, பிஸ்கட் தட்டோடு போயின. அறிக்கையில் இதைச் 'சம்பந்தப்பட்ட தரப்பினரின் பங்கேற்பு' என்று எழுதினார்கள்.

இவ்வளவுக்கும் மகுடமாக ஒரு மின்பிறப்பாக்கி வந்து சேர்ந்தது. சனங்களின் பேச்சில் ஜெனரேட்டர். யாரோ வெளிநாட்டுப் புண்ணியவான்கள் கொடுத்தது. ஆஸ்பத்திரி வாசலில் தகரக் கொட்டகை போட்டு, இரும்புக் கம்பிக் கதவு வைத்து, உள்ளே அதை நிறுத்தி, சிவப்புத் துணியால் போர்த்தி, குறுக்கே ரிப்பன் கட்டி, பூட்டும் போட்டார்கள். பிரதம அதிதி வந்து ரிப்பனை வெட்டித் திறந்து வைக்கும்வரை அதை யாரும் தொடக்கூடாது. பிரதம அதிதிக்குத் தேதி கிடைக்கவில்லை. ஒரு தடவை மரண வீடு, இன்னொரு தடவை பாராளுமன்றம், அதற்கடுத்த தடவை மூக்கொழுகும் தடிமன்.

மலையகத்தில் தகரக் கூரையும் கம்பிக் கதவும் சிவப்புத் துணியும் ஓரிடத்தில் சேர்ந்தால் அது என்னவென்று யாரும் விசாரிப்பதில்லை. தோட்டத்து மேல்பிரிவிலிருந்து மருந்துக்கு வந்தவர்கள் போகும்போதும் வரும்போதும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். யாரோ கம்பிக் கதவில் தேசிக்காய் மாலை கட்டினார்கள். கர்ப்பிணிகள் சூடம் கொளுத்தினார்கள். ஒரு வெள்ளிக்கிழமை பொங்கல் பானையோடு ஒரு குடும்பமே வந்து இறங்கியபோது ஜெயகாந்தன் பொறுமை இழந்து ஓர் அறிவித்தல் எழுதித் தொங்கவிட்டார். 'இது கடவுள் அல்ல. மின்பிறப்பாக்கி.' வந்தவர்கள் வாசித்தார்கள். பிறகு மின்பிறப்பாக்கி சாமியைக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

இப்படியெல்லாம் ஆஸ்பத்திரி தயாராகிக்கொண்டிருந்த நாட்களில்தான் யோகேஸ்வரனுக்குப் பெண் குழந்தை பிறந்தது.

யோகேஸ்வரன் பனியடிச் சந்தியில் முச்சக்கரவண்டி ஓட்டுகிறவன். மனைவி ஜெயந்தினி தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுப்பவள். கல்யாணமாகி வெகு காலம் காத்திருந்து பெற்ற பிள்ளை. பிறந்த மறுநாளே குழந்தையின் கண்ணும் தோலும் மஞ்சளாகத் தொடங்கின. இது பல குழந்தைகளுக்கு வருவதுதான், நீல லைட்டின் கீழே வைத்தால் சரியாகிவிடும் என்றார்கள். அந்த வாட்டில் நீல லைட் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதன் கீழே, கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு, உடம்பில் துணியில்லாமல், பெரிய மனுஷி மாதிரிக் கையை விரித்துப் படுத்திருந்தாள் மகள். ஆனால் கரண்ட் போகிற ஒவ்வொரு தடவையும் லைட் அணைந்தது. மஞ்சள் ஏறியது.

வாட்டில் வேலை செய்த தாதி பிரேமினி ஒளிவுமறைவில்லாமல் சொன்னாள்.

"அண்ணே, பயமுறுத்துறதுக்குச் சொல்லல. லைட் நிக்காம எரிஞ்சா புள்ள தப்பிச்சிரும். இன்னும் கொஞ்சம் ஏறிச்சுன்னா ரத்தம் மாத்துறதுக்குக் கண்டிக்கு அனுப்பணும். வட்டவளைப் பக்கம் மண்ணு சரிஞ்சு ரோட்டு வேற ஒரு பக்கந்தான் தெறந்திருக்கு."

"ஏறிட்டே போனா என்னா ஆகும் மிஸ்?"

"மூளையப் பாதிக்கும்ணே."

யோகேஸ்வரன் முட்டாள் இல்லை. வாசலில் ஒரு ஜெனரேட்டர் நிற்பது அவனுக்குத் தெரியும். நேரே அலுவலகத்துக்குப் போனான்.

"சேர், கரண்ட் போறப்ப அந்த ஜெனரேட்டரப் போட்டு உடுங்க சேர். எம் புள்ள லைட்ல கெடக்கு."

ஜெயகாந்தன் அவனை உட்காரச் சொன்னார். அவருக்கு உண்மையிலேயே இரக்கமாகத்தான் இருந்தது.

"தம்பி, திறந்து வைக்காத ஒரு சாமானத்த எப்பிடி ஸ்டார்ட் பண்றது?"

"துணிய எடுத்துட்டு சாவியத் திருப்பினா..."

"அது இயக்குறது. நான் கேக்கிறது திறந்து வைக்கிறது. இப்ப நான் அதை இயக்கிட்டேன்னு வைங்க. நாளைக்குப் பிரதம அதிதி வந்து எதை இயக்குவார்? ஏற்கெனவே ஓடினதையா? அது அவரை ஏமாத்துற மாதிரி இல்லையா?"

யோகேஸ்வரன் யோசித்தான். ஒரு பெரிய மனுஷனை ஏமாற்றத் தனக்கு என்ன உரிமை என்று ஒரு கணம் அவனுக்கே தோன்றிவிட்டது. அரச அலுவலகங்களின் நாற்காலிகளில் உட்கார்ந்தால் அப்படித்தான் தோன்றும்.

"அப்ப புள்ளைக்கி?"

"அதுக்குத் திட்டத்தில இடம் இருக்கு." ஜெயகாந்தன் தடித்த ஒரு கோப்பைப் பிரித்து வாசித்தார். "'மின்தடையின்போது மஞ்சள் நோயுற்ற சிசுக்களுக்கு இயற்கைச் சூரிய ஒளி வழங்கப்படும்.' பாத்தீங்களா? ஒண்ணையும் விடல்ல."

யோகேஸ்வரன் சன்னல் வழியாகப் பார்த்தான். வெளியே பனிப்புகார். எதிரே இருந்த மலையும் தெரியவில்லை, வாசலில் நிறுத்திய அவனுடைய வண்டியும் தெரியவில்லை.

"வெயிலக் காணோமே சேர்."

"வெயில் எங்களுக்குக் கீழ இல்ல தம்பி. அது வேற திணைக்களம்."

பிறகு குரலைத் தாழ்த்தி ஒரு நல்ல செய்தி சொன்னார். பிரதம அதிதிக்குத் தேதி கிடைத்துவிட்டது. நாளைக்கே திறப்பு விழா. கூடவே, ஆஸ்பத்திரி மின்தடையை எப்படி எதிர்கொள்கிறது என்று செய்து காட்டும் மாபெரும் ஒத்திகை. கொழும்பிலிருந்து நிபுணர் வருகிறார். யோகேஸ்வரன் வெளியே வந்து கம்பிக் கதவுக்கு முன்னால் நின்று, அறிவித்தலைப் பொருட்படுத்தாமல், அந்தப் பெரிய மனுஷனுக்கு நாளைக்குத் தடிமன் வந்துவிடக் கூடாது என்று மனமுருகக் கும்பிட்டான்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரி முற்றத்தில் பந்தல் போட்டிருந்தது. பந்தலுக்குப் பின்னால் ஒரு பழைய லொறியில் இன்னொரு ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. திருவிழாக்களுக்கு லைட்டும் ஸ்பீக்கரும் வாடகைக்கு விடும் சரிபுதீன் நானாவுடையது. மாரியம்மன் தேர் எந்தத் தோட்டத்தில் ஓடினாலும் சரிபுதீன் நானாவின் லைட் இல்லாமல் ஓடாது. யோகேஸ்வரனுக்குப் பழக்கமானவர்தான்.

"என்ன நானா, இங்க?"

"விழாவுக்கு மைக்குக்கும் லைட்டுக்கும் கரண்ட் வேணுமே தம்பி."

"அதான் ஆஸ்பத்திரி ஜெனரேட்டர் இருக்கே?"

"அதத் தொறக்கிற விழாவுக்குத்தானே இது!" சரிபுதீன் நானா சிரித்தார். "அது தொறக்கிற வரைக்கும் ஓடேலாது. ஓடாட்டி விழா நடத்தேலாது. அதால என்னைக் கூப்பிட்டாங்க. எனக்கென்ன, நல்லாத்தான் இரிக்கி."

ஒத்திகைக்கு நோயாளிகள் தேவைப்பட்டார்கள். ஆஸ்பத்திரி நிறைய நோயாளிகள் இருந்தார்கள்தான். ஆனால் அவர்கள் உண்மையான நோயாளிகள் என்பதால் பயிற்சியில்லாதவர்கள். எனவே ஒத்திகை நோயாளிகளைத் தோட்டத்திலிருந்து வரவழைத்தார்கள். காலையில் பெரட்டுக் களத்தில் வேலை பிரிக்கும்போதே, நோயாளியாகப் போகிறவர்களுக்கு அரைப்பேரு போடப்படும் என்று தோட்டத்து உத்தியோகத்தர் கண்டாக்கு ஐயா அறிவித்துவிட்டார். அரை நாள் சம்பளத்துக்குப் படுத்திருக்கலாம் என்றதும் மலைக்குப் போக இருந்தவர்களில் பாதிப் பேருக்கு உடம்பு முடியாமல் போயிற்று. எல்லோரும் மயக்கம்தான் வேண்டுமென்று சண்டை பிடித்தார்கள். கடைசியில் வரிசைப்படி அட்டை கொடுத்தார்கள். இரண்டாம் நம்பர் அட்டை அழகனுக்குக் கிடைத்தது. அவனுக்குப் பிரசவ வலி.

நாலாம் நம்பர் ஆளுக்கு வந்த இடத்தில் உண்மையாகவே காய்ச்சல் கண்டுவிட்டது. தகுதி இழந்துவிட்டார் என்று அவரைத் திருப்பி அனுப்பினார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் யோகேஸ்வரன் சுடுதண்ணீர்ப் போத்தலோடு நடைபாதையில் வந்துகொண்டிருந்தான்.

"இந்தா, இவர் ஓகே," என்றார் தனுஜா.

தனுஜாதான் கொழும்பிலிருந்து வந்திருந்த நிபுணர். கழுத்தில் விசில், கையில் நேரம் பார்க்கும் கருவி, முகத்தில் எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போடுகிற புன்னகை. யோகேஸ்வரனின் கழுத்தில் சிவப்பு நூலில் கோத்த மஞ்சள் அட்டையை மாட்டினார். 'ஒத்திகை நோயாளி - 4. மூச்சுத்திணறல். ஆண். வயது 34.'

"பதட்டப்பட வேணாம். உங்களுக்கு மூச்சு வராது. மெஷின்ல போட வேணும். அதால கரண்ட் வந்ததும் முதல்ல உங்களுக்குத்தான். நாலாம் நம்பருக்குக் கரண்ட் போய்ச் சேர்ந்தால்தான் ஒத்திகை பாஸ். விளங்கிச்சா?"

"மிஸ், எம் புள்ள உள்ள நீல லைட்ல இருக்கு. அதுக்கும் கரண்ட் வேணும்."

தனுஜா நிகழ்ச்சி நிரலை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

"உங்கட பிள்ளை இதில இல்லையே."

"அது நெசமான நோயாளி மிஸ்."

"அதுதான். உண்மையான நோயாளிகள் இன்றைக்கு எங்கட வரம்புக்குள்ள வரமாட்டாங்க. அவங்களச் சேர்த்தா முடிவுகள் குழம்பிரும்."

யோகேஸ்வரனை ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்துப் பந்தலுக்கு முன்னால் நிறுத்தினார்கள். பக்கத்து ஸ்ட்ரெச்சரில் அழகன் வலி தாங்க முடியாமல் வெற்றிலை மென்றுகொண்டிருந்தான்.

பிரதம அதிதி வந்தார். மாலை போட்டார்கள். குத்துவிளக்கு ஏற்றப் போனார்கள். காற்று ஒவ்வொரு திரியையும் அணைத்தது. அணைய அணைய ஒவ்வொரு பெரியவராக வந்து ஏற்றினார்கள். அந்த நேரத்தில்தான் கரண்ட் போனது.

பந்தலில் யாருக்கும் அது தெரியவில்லை. சரிபுதீன் நானாவின் புண்ணியத்தில் அங்கே மைக் கூவிக்கொண்டும் கலர் பல்புகள் கண்சிமிட்டிக்கொண்டும் இருந்தன. ஸ்ட்ரெச்சரில் மல்லாந்து கிடந்த யோகேஸ்வரன்தான் பார்த்தான், நடைபாதையில் பச்சைப் பலகை அணைந்துவிட்டது. துள்ளி எழுந்தான்.

"படுங்கண்ணே, ஒங்களுக்கு மூச்சு வரல," என்று ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர் அமுக்கினார்.

"கரண்ட் போயிருச்சு! மிஸ், கரண்ட் போயிருச்சு!"

தனுஜா பலகையைப் பார்த்தார், கையிலிருந்த கருவியைப் பார்த்தார், விசிலை எடுத்து ஊதினார்.

"யாரும் அசைய வேணாம்! இது எங்கட மின்தடை இல்ல! எங்கட மின்தடை பிரதம அதிதியின் உரைக்குப் பிறகுதான்!"

ஜெயகாந்தன் வியர்த்துப்போய் ஓடிவந்தார். மின்தடை ஒத்திகை நடத்துவதற்கு முதலில் மின்சாரம் இருக்க வேண்டும், இருந்தால்தான் நிறுத்த முடியும், இப்போது என்ன செய்வது என்று இருவரும் கவலையோடு ஆலோசித்தார்கள். கரண்ட் திரும்பி வரும்வரை உரையை நீட்டச் சொல்லலாம் என்று முடிவாயிற்று. பிரதம அதிதிக்கு அதைச் சொன்னபோது அவர் முகம் மலர்ந்தது. அவருடைய அரசியல் வாழ்வில் உரையை நீட்டச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

"என் அன்பான மக்களே! நான் இருட்டில் பிறந்தவன். என் பாட்டனும் இருட்டில்தான் வாழ்ந்தார். அதே லயத்து வீடு, அதே இருட்டு! இதை மாற்றியே தீருவேன் என்று இருபது வருஷமாக ஒவ்வொரு மேடையிலும் சொல்லி வருகிறேன். இருபது வருஷத்தில் ஒரு நாளாவது நான் அந்தச் சொல்லிலிருந்து மாறியிருக்கிறேனா? அதுதான் கொள்கை!"

கைதட்டல் எழுந்தது. அந்தச் சந்தடியில் யோகேஸ்வரன் ஸ்ட்ரெச்சரிலிருந்து குதித்து வாட்டுக்குள் ஓடினான்.

உள்ளே அரையிருட்டு. நீல லைட் கறுத்துப்போய் நின்றது. ஜெயந்தினி குழந்தையை ஏந்திக்கொண்டு சன்னலோரம், ஏதாவது வெளிச்சம் படாதா என்று பனிப்புகாருக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். அவள் அழுது முடித்திருந்தாள். பக்கத்துக் கட்டிலில் ரஸீனா தன் கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ஓதிக்கொண்டிருந்தாள். டவுனில் புடைவைக்கடை வைத்திருக்கும் குடும்பம். அவள் மகனுக்கும் அன்று காலையிலிருந்து கண்ணில் மஞ்சள் தட்டியிருந்தது.

"காலையில எடுத்த ரத்தத்துல இன்னும் ஏறிருக்காம்," என்றாள் ஜெயந்தினி. "இப்பிடியே லைட் இல்லாட்டி சாயங்காலம் கண்டிக்குத்தானாம். ஏங்க, யாருகிட்டயும் சொல்லலையா?"

"எல்லாருகிட்டயும் சொன்னேன் புள்ள. நம்ம புள்ள லிஸ்ட்ல இல்லையாம்."

ஜெயந்தினி அவனை அப்போதுதான் சரியாகப் பார்த்தாள்.

"கழுத்துல என்னாங்க அது?"

"நான் நாலாம் நம்பர் நோயாளி."

"ஒங்களுக்கு என்னா?"

"மூச்சு வரல."

"மூச்சு வராததுக்கு என்னா செய்வாங்க?"

"மொதல்ல எனக்குத்தான் கரண்ட் குடுப்பாங்களாம். எனக்குக் குடுத்தாத்தான் அவங்க பாஸாம்."

ஜெயந்தினி குழந்தையைக் கொண்டுபோய் அணைந்த லைட்டின் கீழே கிடத்தினாள். திரும்பி வந்து கணவனின் கழுத்திலிருந்து அட்டையைக் கழற்றினாள். குழந்தையின் தொட்டிலில் அதை மாட்டினாள்.

வெளியே கரண்ட் வருகிற பாடாக இல்லை. ஒரு மனிதன் எவ்வளவு நேரம்தான் கொள்கை பேசுவான்? பிரதம அதிதி ரிப்பனை வெட்டினார். சிவப்புத் துணியை விலக்கினார். பொத்தானை அமுக்கினார். ஆஸ்பத்திரி ஜெனரேட்டரில் ஒரு சலனமும் இல்லை. யாரும் திருடக் கூடாதென்று அதன் பெட்டரியைக் கழற்றி ஜெயகாந்தன் டோர்ச் லைட் அலுமாரியில் பூட்டி வைத்திருந்ததும், அந்த அலுமாரிச் சாவியோடு களஞ்சியக்காரர் லீவில் போயிருந்ததும் அந்தக் கணத்தில்தான் ஜெயகாந்தனுக்கு நினைவு வந்தன. நல்லவேளையாக, பந்தலுக்குப் பின்னால் சரிபுதீன் நானாவின் ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது. சத்தம் கேட்டது, பல்புகள் எரிந்தன, சனம் கைதட்டியது.

"கிட்டப் போனாலும் சத்தமே இல்லையே," என்று பிரதம அதிதி வியந்தார்.

"நவீன தொழில்நுட்பம் சேர்," என்றார் ஜெயகாந்தன். அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை.

தனுஜா நேரத்தை ஓடவிட்டு விசில் ஊதினார். இனிமேல்தான் மதிப்பெண். முதலாம் நம்பர் இருந்தார். இரண்டாம் நம்பர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வலியால் துடித்தார். நாலாம் நம்பர் ஸ்ட்ரெச்சர் காலியாக இருந்தது. தனுஜா தேடிக்கொண்டு வாட்டுக்குள் நுழைந்தார். பின்னால் ஜெயகாந்தனும் படம் பிடிக்கிறவரும் வந்தார்கள். தொட்டிலில் தொங்கிய அட்டையை வாசித்தார். தொட்டிலுக்குள் பார்த்தார். மறுபடியும் அட்டையை வாசித்தார்.

ஜெயந்தினி தொட்டிலைப் பிடித்துக்கொண்டு அவர் கண்ணையே பார்த்தாள். யோகேஸ்வரன் மூச்சு விடவில்லை. அந்த நாளில் முதல் தடவையாக அவன் அட்டையில் எழுதியிருந்தபடி இருந்தான்.

"வயதும் பாலும் பொருந்தல்ல," என்றார் தனுஜா. "ஆனா நம்பர் சரி." நேரத்தைப் பார்த்துவிட்டு ஜெயகாந்தன் பக்கம் திரும்பினார். "நாலாம் நம்பருக்கு இன்னும் கரண்ட் வரல்ல. நேரம் போகுது. ஃபெயில் போடட்டுமா?"

ஃபெயில் என்ற சொல்லைக் கேட்டதும் அந்த ஆஸ்பத்திரி எப்படி ஓடியது என்று நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அதுவரை நடந்துகூடப் பழகாதவர்கள் ஓடினார்கள். ஜெயகாந்தன் பந்தலுக்குப் பின்னால் பாய்ந்து சரிபுதீன் நானாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நானா, வாட்டுக்கு ஒரு லைன் இழுங்க. இப்பவே."

"எல்லா லைனும் மைக்குக்கும் பந்தலுக்கும் போகுதே சேர். மைக்கக் கழட்டட்டா?"

ஜெயகாந்தன் நின்றார். நிகழ்ச்சி நிரலில் கடைசியாக ஒன்று பாக்கி இருந்தது. நன்றியுரை: திரு. ஜெயகாந்தன். ஒரு கிழமையாகக் கண்ணாடிக்கு முன்னால் நின்று மனப்பாடம் செய்தது. அவர் கண்ணில் நீர் கோத்ததை யோகேஸ்வரன் பின்னால் ஓடிவந்த வேகத்திலும் பார்த்தான்.

"கழட்டுங்க," என்றார்.

சரிபுதீன் நானாவும் யோகேஸ்வரனும் வயரை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். அது தேர்த் திருவிழா வயர். கலர் பல்புகளைக் கழற்ற நேரமில்லை. சிவப்பும் பச்சையுமாகக் கண்சிமிட்டிக்கொண்டே அது நடைபாதை வழியாக, அணைந்த பலகைக்குக் கீழே புகுந்து, வாட்டுக்குள் வந்தது. பிரேமினி தயாராக நின்று பிளக்கைச் சொருகினாள். நீல லைட் பளிச்சென்று எரிந்தது. குழந்தை வீறிட்டு அழுதது. ஜெயந்தினியும் அழுதாள். யோகேஸ்வரன் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். வாட்டில் இருந்த தாய்மார் கைதட்டினார்கள். அன்றைக்கு அந்த ஆஸ்பத்திரியில் யாரும் சொல்லாமல் எழுந்த கைதட்டல் அது ஒன்றுதான்.

பிரதம அதிதி உள்ளே வந்து தொட்டிலுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்.

"எவ்வளவு இயல்பாக அழுகிறது பாருங்கள்," என்றார். பிறகு குனிந்து உற்றுப் பார்த்தார். "உடம்பு முழுக்க மஞ்சள் மேக்கப் கூடப் போட்டிருக்கிறார்களே! அசலாக இருக்கிறது."

"மேக்கப் இல்லீங்க ஐயா," என்றான் யோகேஸ்வரன்.

"அடக்கம்," என்று பிரதம அதிதி அவன் தோளைத் தட்டினார்.

ஒத்திகை அமோக வெற்றி. அறிக்கையில், 'உண்மையான மின்தடை ஒன்று குறுக்கிட்டபோதும் ஒத்திகை பாதிக்கப்படவில்லை' என்று தனுஜா எழுதினார். சிறந்த ஒத்திகை நோயாளிக்கான சான்றிதழ் நாலாம் நம்பருக்குக் கிடைத்தது. குழந்தைக்கு இன்னும் பேர் வைக்காததால் அதில் யோகேஸ்வரனின் பெயரைப் போட்டார்கள். அழகனுக்கு வருத்தம்தான். பெற்றெடுத்தவன் அவன், பரிசு வேறொருவனுக்கு.

ஒரு சிறு சிக்கல் மட்டும் மிஞ்சியது. நன்றியுரை நடக்காததால் நிகழ்ச்சி அதிகாரபூர்வமாக முடியவில்லை. முடியாத நிகழ்ச்சிக்கு வந்த ஜெனரேட்டரைத் திருப்பி அனுப்ப யாருக்கும் அதிகாரமில்லை. எனவே சரிபுதீன் நானாவின் லொறி அங்கேயே நின்றது, வயரும் கலர் பல்புகளும் வாட்டிலேயே கிடந்தன, நாலாம் நம்பர் அட்டை தொங்கும் தொட்டிலுக்குக் கரண்ட் கொடுக்கும் உத்தரவும் அப்படியே இருந்தது. அதற்குப் பிறகு கரண்ட் போகிறபோதெல்லாம் பிரேமினி அலுவலகத்துக்குப் போன் போட்டு, "நாலாம் நம்பருக்குக் கரண்ட் இல்ல சேர்," என்பாள். உடனே லொறி உறுமும். குழந்தையின் மஞ்சள் நாளுக்கு நாள் இறங்கியது. ஒரு காலையில், வீட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஜெயந்தினி மூட்டை கட்டினாள். தொட்டிலில் இருந்த அட்டையையும் ஞாபகத்துக்கு எடுத்துப் பைக்குள் வைக்கப் போனாள். அவள் மகள் இருந்த இடத்தில், நீல லைட்டின் கீழே, இப்போது ரஸீனாவின் மகன் படுத்திருந்தான்.

"அத மட்டும் விட்டுட்டுப் போங்களேன்," என்றாள் ரஸீனா மெல்ல.

ஜெயந்தினி அட்டையைத் திரும்பவும் தொட்டிலில் கட்டினாள். மருந்து கொடுக்க வந்த பிரேமினி அதைப் பார்த்தாள்.

"இறுக்கிக் கட்டுங்கக்கா. கழண்டு விழுந்துச்சுன்னா அப்புறம் இது நெச நோயாளி ஆயிரும்."

வாசலில் ஜெயகாந்தனைச் சந்தித்தார்கள். மனிதர் இளைத்திருந்தார். கையில் நன்றியுரைத் தாள். ஆஸ்பத்திரி ஜெனரேட்டருக்கு மறுபடியும் சிவப்புத் துணி போர்த்தி, கம்பிக் கதவைப் பூட்டியிருந்தார்.

"பெட்டரி கெடைச்சிருச்சா சேர்?" என்று கேட்டான் யோகேஸ்வரன்.

"கிடைச்சிருச்சு. ஆனா கொடுத்தவங்களுக்கு நன்றி சொல்லாம ஒரு பொருளைப் பாவிக்கிறது பண்பா தம்பி? நன்றியுரை முடியட்டும். அன்றைக்கே நானாவுடைய லொறியையும் அனுப்பிருவேன். மறுநாளே பெட்டரியை அலுமாரியிலேருந்து எடுக்க விண்ணப்பிக்கலாம். பிரதம அதிதிக்குத் தேதி கிடைக்கிறதுதான் பாக்கி."

யோகேஸ்வரன் வண்டியை ஸ்டார்ட் பண்ணிக் கொஞ்ச தூரம் போனான். தகரக் கொட்டகைக்கு எதிரே நிறுத்தினான். கடையில் சூடம் வாங்கி வந்து, 'இது கடவுள் அல்ல' என்ற அறிவித்தலுக்குக் கீழே கொளுத்திவிட்டு, வெகு நேரம் கண்ணை மூடிக் கும்பிட்டான்.

"என்னா அம்புட்டு நேரம் வேண்டிக்கிட்டீங்க?" என்றாள் ஜெயந்தினி.

"அந்தப் பெரிய மனுசனுக்குத் தேதியே கெடைக்கக் கூடாதுன்னு. ரஸீனா புள்ள வீட்டுக்குப் போற வரைக்குமாவது."

ஜெயந்தினி திரும்பி வாட்டின் சன்னலைப் பார்த்தாள். பிறகு மடியில் தூங்கிக்கொண்டிருந்த மகளின் இரண்டு கைகளையும் எடுத்து, சிவப்புத் துணியைப் பார்க்கக் குவித்து வைத்தாள்.